நீல நாற்காலிகள்

தண்ணீர் வேண்டாம் என்று சொன்னால் கேட்கமாட்டார்கள் போலிருக்கிறது. பாட்டிலை என் மடியில் வைத்துவிட்டே போய்விட்டார்கள். குளிர்ந்த பாட்டில், மேலெல்லாம் வியர்த்திருக்கிறது, அந்த ஈரம் பட்டுச்சேலையைத் தாண்டித் தொடைக்கு இறங்குகிறது. எனக்குக் காலில் பலம்தான் கிடையாது, குளிர் தெரியும், சூடு தெரியும், எறும்பு ஊர்ந்தால்கூடத் தெரியும், சின்ன வயதில் வந்த போலியோ பலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதையெல்லாம் விட்டுவிட்டுப் போனது. இதை இந்த ஊரில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லியாகிவிட்டது, இருந்தும் சற்று முன்பு ஒரு கவுன்சிலர் குனிந்து என் முழங்காலைத் தட்டி, "உணர்ச்சி இருக்காம்மா?" என்று கேட்டுவிட்டுப் போனார். இருக்கிறது. எரிச்சல் என்கிற உணர்ச்சி நிறையவே இருக்கிறது. நாக்கு அண்ணத்தில் ஒட்டுகிறது. நேற்று ராத்திரி சோற்றோடு குடித்தது, அதற்குப் பிறகு ஒரு சொட்டு இல்லை, காலையில் காப்பியை மதினி பார்க்காத நேரத்தில் செடியில் ஊற்றிவிட்டேன். மற்ற பெண்கள் வெள்ளிக்கு விரதம் இருப்பார்கள், சஷ்டிக்கு இருப்பார்கள். நான் வெளியே கிளம்பினால் விரதம். போகிற இடத்தில் எனக்கென்று ஒரு கக்கூஸ் இருக்காது என்று தெரிந்த நாளிலிருந்து, அதாவது பள்ளிக்கூடத்தில் சேர்ந்த நாளிலிருந்து இருக்கிறேன், எந்தச் சாமியும் இதுவரை மெச்சவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மதினி, என் அண்ணன் பெண்டாட்டி செண்பகம், அரக்குப் பட்டும் கனகாம்பரமுமாகப் புதுப்பெண் போல இருக்கிறாள், என் முகத்தையே பார்க்கிறாள். "ஏ ஆவுடை, ரெண்டு மடக்கு குடியேன். உதடெல்லாம் வெடிச்சுக் கெடக்கு. போட்டோல நல்லாருக்காதுல்லா." போட்டோவில் நன்றாக இருக்க வேண்டும். ஆமாம், அதற்குத்தான் வந்திருக்கிறோம். அப்புறம் குடிக்கிறேன் மதினி என்றேன்.

உலக மாற்றுத்திறனாளிகள் நாள். நகராட்சி அலுவலக முற்றத்தில் பந்தல், மழை விட்ட மறுநாள், தகரத்துக்குக் கீழே புழுங்குகிறது. எல்லா நாற்காலிக்கும் கல்யாண மண்டபத்தில் போடுகிற மாதிரி வெள்ளை உறை மாட்டி இடுப்பில் சிவப்பு ரிப்பன் கட்டியிருக்கிறார்கள். அப்படியிருந்தும் எங்கிருந்தோ பினாயில் வாடை வருகிறது, பினாயிலும் பழந்தூசியும் கலந்த வாடை, எனக்குத்தான் மூக்கு அதிகம், பசிக்கிற வயிற்றுக்கு மூக்கு கூடிவிடும். எனக்கு விருது. தடைகளைத் தகர்த்த தங்க மங்கை. எந்தப் புண்ணியவான் உட்கார்ந்து யோசித்தானோ. என்ன தடையைத் தகர்த்தேன்? இந்த அலுவலகத்துக்கு ஒரு சாய்தளம் கேட்டேன், நானும் என் சிநேகிதி ரெஜினாவும் கேட்டோம், வருஷக்கணக்காகக் கேட்டோம், திங்கட்கிழமைதோறும் மனுவோடு வந்து வாசலில் நின்றோம், அதாவது அவள் நின்றாள், நான் என் சக்கர நாற்காலியில், என் வண்டியில், இருந்தேன். கடைசியில் கட்டினார்கள். பளபளவென்று டைல்ஸ் ஒட்டி, ஏறப்போனால் முகம் வானத்தைப் பார்க்கிற மாதிரி ஒரு செங்குத்து. ஏறும்போது ஒருவர் தள்ள வேண்டும், இறங்கும்போது இரண்டு பேர் பிடிக்க வேண்டும், ஈரமாக இருந்தால் அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்கக் கூடாது. அதில் தனியாக ஒருநாளும் நான் ஏறியதில்லை. இன்றைக்கு யாருமே ஏற முடியாது, சாய்தளத்தின் அடிவாயில் மூங்கில் நட்டு அதில் ஃப்ளெக்ஸ் கட்டியிருக்கிறார்கள். ஃப்ளெக்ஸில் என் முகம். வண்டி தெரியக்கூடாது என்று கழுத்தோடு வெட்டி, கீழே மேகத்தை வைத்திருக்கிறார்கள், செத்துப்போனவர்களுக்கு அடிக்கிற கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் மாதிரியே இருக்கிறது. ஆட்டோவிலிருந்து இறங்கியதும் மதினி கையைத் தட்டி, "ஏ அம்மா, மகாலட்சுமி மாரில்லா இருக்க" என்றாள். நான் சாய்தளத்தைப் பார்த்தேன். என் முகமே என்னை மறித்துக்கொண்டு நின்றது. சிரிக்க வேண்டியதுதான், ஆனால் சிரிப்பு வரவில்லை.

ரெண்டு வார்த்தை. பரமசிவன் சார் அப்படித்தான் சொன்னார், "ரெண்டே ரெண்டு வார்த்தை பேசுனா போதும்மா." இங்கே மேலாளர் அவர், எந்தத் தலைவர் வந்தாலும் எந்தத் தலைவர் போனாலும் அவர்தான் மேலாளர், எல்லா விழாவிலும் ஒலிபெருக்கி அவர் கையில்தான் இருக்கும். முந்தாநாள் என் ஜெராக்ஸ் கடைக்கே வந்துவிட்டார், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தபோதே எனக்குத் தெரியும் ஏதோ காரியம் என்று. "எங்க கோரிக்கை எல்லாம் நிறைவேறிட்டு, தலைவருக்கு நன்றி. இவ்ளோதான். பத்திரிகைக்காரங்க வாராங்க. இத நீங்க சொன்னா அந்த ஃபைல நாங்க முடிச்சு வச்சிரலாம், மேல இருந்து கேட்டுக்கிட்டே இருக்காங்க." எல்லாமா சார், என்று கேட்டேன். "பின்னே? சாய்தளம் கட்டியாச்சு. அந்த இன்னொண்ணும் கட்டியாச்சுல்லா?" அந்த இன்னொண்ணு. அதற்கு அவர் வாயில் பெயர் கிடையாது. கட்டியாயிற்று என்பது வாஸ்தவம்தான். கட்டி, நீல பெயிண்ட் அடித்து, கதவில் வண்டிப் படம் வரைந்து, பூட்டிவிட்டார்கள். நான் மேடையில் அந்த ரெண்டு வார்த்தையைச் சொன்னால் அந்தப் பூட்டு பூட்டினபடியே இருக்கும், யாரும் திறக்கச் சொல்லிக் கேட்க முடியாது, கேட்டால் நீங்களேதானேம்மா மைக்கில் சொன்னீங்க என்பார்கள். சொல்லாவிட்டால்? சொல்லாவிட்டால் நன்றி கெட்டவள். விருது கொடுக்கிற கையைக் கடிக்கிறாள், நொண்டிக்கு இவ்வளவு ஆகாது. அப்படி நேராகச் சொல்லமாட்டார்கள், இப்போது எல்லோரும் மாற்றுத்திறனாளி என்றுதான் சொல்வார்கள், வாய் மாறிவிட்டது, முகம் மாறவில்லை. என் கடைக்கு ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்களில் பாதிப்பேர் இந்த அலுவலகத்து ஆட்கள். அதையும் யோசிக்க வேண்டியிருக்கிறது. யோசித்து யோசித்து ராத்திரி தூங்கவில்லை, இப்போதும் அதே இடத்தில்தான் வந்து நிற்கிறது, ரெண்டு வார்த்தை, ரெண்டு வார்த்தை.

ரெஜினா இருந்திருந்தால் சொல்லியிருப்பாள், ரெண்டு வார்த்தைதானடி, நல்ல கெட்ட வார்த்தையாப் பாத்து சொல்லிருவோம் என்று. வாய் அப்படி. காலில் மாட்டின இரும்புக் கேலிப்பரும் கைக்கட்டையுமாக டக்டக்கென்று வருவாள், வருகிற சத்தம் தெருமுனையிலேயே கேட்கும். இதே அலுவலகத்தில் வரி கவுண்டரில் உத்தியோகம். வேலை கிடைத்த அன்று இனிப்போடு வந்தவள், அடுத்த வாரம் முகம் வாடி வந்தாள். என்னட்டி என்றேன். "ஆபீஸ்ல பொம்பளைக கக்கூஸு பின்னால இருக்கு, படி ஏறிப் போகணும். ஏறிட்டேன்னு வையி, அங்கன குத்தவச்சுல்லா இருக்கணும். இரும்புக் கால மடக்கி நான் எங்க குத்தவைக்க?" பிறகு அவளே சிரித்தாள், "விடு, நம்ம ரெண்டு பேரும் ஒட்டகம்ட்டி. நமக்கென்ன." ஒட்டகமாகத்தான் இருந்தாள். காலையில் வீட்டை விட்டுக் கிளம்பினால் சாயங்காலம் வீடு வந்து சேர்கிறவரை அடக்கிக்கொண்டு இருப்பாள், மத்தியானச் சோற்றைத் தண்ணீரில்லாமல், விக்காமல் விழுங்கப் பழகியிருந்தாள், மற்றவர்கள் டீ குடிக்கப் போகும்போது இவள் ரசீது போட்டுக்கொண்டிருப்பாள், நல்ல வேலைக்காரி என்று பெயர் எடுத்தாள். காய்ச்சல் வரும், இடுப்பு வலிக்கும், மாத்திரை போடுவாள், மறுபடி வரும். நீர்க்கடுப்பு என்று இளநீர் குடிக்கச் சொன்னார்கள். இளநீர் குடித்தால் எங்கே போவாள்? கடைசியில் பெரியாஸ்பத்திரி டாக்டர் கேட்டாராம், ஏம்மா நீங்க தண்ணியே குடிக்கமாட்டீங்களா, இவ்வளவு வருஷமா யாருமே உங்ககிட்ட சொல்லலையா என்று. வீட்டுக்கு வந்து அதை எனக்கு நடித்துக் காட்டினாள், டாக்டர் மாதிரியே கண்ணாடியை இறக்கி. ரெண்டு கிட்னியும் போய்விட்டது என்பதையும் அதே மாதிரி சிரித்துக்கொண்டே சொன்னாள். நான் சிரிக்கவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு இந்தக் கட்டடத்தைக் கையாலேயே இடித்திருப்பேன்.

அதனால்தான் இரண்டு கேட்டோம். ஒன்று சாய்தளம், ஒன்று கழிப்பறை. ஏறி உள்ளே போவதற்கு ஒன்று, உள்ளே இருக்கிற நேரத்தில் மனுஷியாக இருப்பதற்கு ஒன்று. சாய்தளம் என்றபோது மன்றத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள், அது மதிப்பான சொல், போட்டோவுக்கும் நன்றாக வரும். கழிப்பறை என்று ரெஜினா சொன்னதும் பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள், ஒரு பெண் கவுன்சிலர் தலையைக் குனிந்துகொண்டார், பரமசிவன் சார் தன் குறிப்பில் 'இதர வசதிகள்' என்று எழுதிக்கொண்டார். ரெஜினா விடவில்லை. "இதர இல்ல சார், கக்கூஸு. கானா, கூனா" என்றாள். அதற்கும் சிரித்தார்கள். ஆனாலும் கட்டினார்கள், எங்கேயோ மேலேயிருந்து உத்தரவு வந்திருக்க வேண்டும், அலுவலகத்தின் பின்பக்கம், தரையோடு தரையாக, கதவு அகலமாக, குறை சொல்ல முடியாது. கட்டி முடித்த அன்று ரெஜினா என்னை அழைத்துக்கொண்டு போனாள், அப்போதே முகம் வீங்கியிருந்தது, வாரத்துக்கு ரெண்டு தடவை ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கொண்டிருந்தாள். பூட்டியிருந்தது. கதவிடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தோம். உள்ளே கூரை வரைக்கும் நாற்காலி. நகராட்சியின் நீல பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, முன்னால் இருந்த ஒன்றுக்குக் கை உடைந்து செம்புக் கம்பி சுற்றியிருந்தது. பின்னாலேயே வந்த பரமசிவன் சார் பெருமூச்சு விட்டார். "விழா முடிஞ்சா நாற்காலிய எங்கம்மா வைக்க? நீங்களே சொல்லுங்க. மழைல போட முடியுமா? மாற்றுத்திறனாளிங்க வாரதே எப்பவாச்சும்." ரெஜினா சொன்னாள், "நான் தெனம் வாரேன் சார்." அதற்கு அவர் சொன்னார், மனதாரத்தான் சொன்னார், கிண்டல் இல்லை, "நீங்க நம்ம ஸ்டாஃப்பும்மா. நீங்க வேற, இது பொதுமக்களுக்கு."  திரும்பி வரும்போது, "பாத்தியாட்டி, நம்ம ரூம்ல நாற்காலிய உக்கார வச்சிருக்கான், நம்மள உக்கார விடமாட்டேங்கான்" என்றாள். போன தவக்காலத்தில் செத்துப்போனாள். குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின வாரம். கல்லறைத் தோட்டத்துக்கு வண்டி போகாது, மண் பாதை, நான் கேட்டுக்கு வெளியே இருந்து பார்த்தேன்.

குத்துவிளக்கு ஏற்றிவிட்டார்கள். வரவேற்புரை நடக்கிறது, ஒவ்வொருவர் பெயருக்கும் முன்னால் ஒரு அடைமொழி, ஒவ்வொருவருக்கும் ஒரு பொன்னாடை, போர்த்திய பொன்னாடையை மடித்து அடுத்தவருக்குக் கொடுக்கிறார்கள், கைமாறிக் கைமாறி அதுவும் களைத்திருக்கும். மேடைக்குப் படி. சாய்தளத்துக்காக விருது, விருது வாங்கப் படி. இதைச் சொன்னபோது பரமசிவன் சார் உண்மையாகவே சங்கடப்பட்டார், "அவசரத்துல விட்டுப்போச்சும்மா, ஆனா நாலு பேரு ரெடியா நிக்காங்க, பூ மாதிரி தூக்கிருவோம்." அந்த நாலு பேரைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மேடை ஓரத்தில் சட்டைக் கையை மடித்துவிட்டு நிற்கிறார்கள், சப்பரம் தூக்க நிற்கிற மாதிரி. என்னைத் தூக்கிய கைகளெல்லாம் எனக்கு நினைவிருக்கிறது. அப்பாவுடைய கை மட்டும்தான் தூக்குகிறவன் கையாக இருந்தது. மற்றவர்கள் தூக்கினால், எத்தனை கை இருந்தாலும், அதில் ஒரு கை தேவையில்லாத இடத்தில் இருக்கும். அண்ணன் கல்யாணத்தில் மண்டபத்துப் படியில் தூக்கினார்கள், சேலை முழங்காலுக்கு ஏறிவிட்டது, இழுத்துவிடக் கையை எடுத்தால் விழுந்துவிடுவேன், வீடியோவில் அது அப்படியே இருக்கிறது, வருஷா வருஷம் மதினி அதைப் போட்டுப் பார்க்கிறாள். இன்றைக்குச் சேலையைப் பாவாடையோடு சேர்த்து ஊக்கு ஊக்காகக் குத்திக்கொண்டு வந்திருக்கிறேன். விருது வாங்க வருகிறவள் ஊக்கு வாங்கிக்கொண்டு வருகிறாள். பயமாகத்தான் இருக்கிறது. விழுந்துவிடுவேனோ என்பதைவிட, தூக்கியபிறகு, மேலே இருந்துகொண்டு, பொன்னாடையும் மாலையுமாக, கீழே இவ்வளவு பேர் கைதட்டிக்கொண்டு இருக்கும்போது, என் வாய் தானாக அந்த ரெண்டு வார்த்தையைச் சொல்லிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. இறக்கி விடுவதற்கும் அவர்கள்தானே வேண்டும்.

இப்போது அடிவயிறு கனக்க ஆரம்பித்துவிட்டது. ஒரு சொட்டு குடிக்கவில்லை, இருந்தும் வருகிறது, இந்த உடம்புக்கு நியாயம் கிடையாது. தலைவர் பேசுகிறார். தன்னம்பிக்கை என்கிறார், மனதில்தான் ஊனம் என்கிறார், கைதட்டல், ஊனம் ஒரு தடையல்ல என்கிறார், கைதட்டல், அய்யா தடை அந்தப் படி, தடை அந்தப் பூட்டு. தலைவர் இப்போதைக்கு முடிக்கமாட்டார். நான் தொடையை அழுத்திக்கொண்டு வேறு எதையாவது நினைக்கப் பார்க்கிறேன், கடையில் தீர்ந்துபோன மை, மின்விசிறிச் சத்தம், பாட்டிலின் ஈரம், ஈரத்தை நினைக்கக் கூடாது. இப்படித்தான் அவளும் கவுண்டரில் இருந்திருப்பாள், வரிசையில் நிற்கிறவர் வீட்டு எண்ணைச் சொல்லிக்கொண்டிருக்க, இவள் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதியிருப்பாள், யாருக்கும் தெரிந்திருக்காது. "எந்தச் சவம் இது," என்றாள் மதினி. பட்டு முந்தானை நாற்காலியில் மாட்டிக்கொண்டுவிட்டது, இழுத்தாள், சரிகை அறுந்துவிடுமோ என்று பதறிக்கொண்டு வெள்ளை உறையைத் தூக்கி உள்ளே கையைவிட்டுப் பார்த்தாள். "கம்பியச் சுத்தி வச்சிருக்கான், பாரு." நான் பார்த்தேன். உடைந்த கையில் செம்புக் கம்பி. நீல நாற்காலி. உறைக்குள்ளிருந்து குப்பென்று பினாயிலும் தூசியும் வந்தது. மெதுவாக வண்டியைத் திருப்பிப் பின்னால் பார்த்தேன், வரிசை வரிசையாக வெள்ளை உறை, ஒவ்வொரு உறைக்கும் கீழே நீலக் கால்கள், அத்தனையும் அந்த அறையில் இருந்தவை. தலைவரும், கவுன்சிலர்களும், பத்திரிகைக்காரர்களும், மதினியும், என்னைத் தவிர இந்தப் பந்தலில் உட்கார்ந்திருக்கிற அத்தனை பேரும் என் கக்கூஸிலிருந்து வந்த நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். அப்படியென்றால் அந்த அறை இப்போது காலி. இது புரிய எனக்கு இவ்வளவு நேரம் ஆகியிருக்கிறது. பாட்டில் மூடியைத் திருகினேன்.

குடித்தேன். முதல் மடக்கு தொண்டையில் எரிந்தது, இரண்டாவது மடக்குத் தெரியவில்லை, அப்புறம் நிறுத்த முடியவில்லை, கழுத்தில் வழிந்து ரவிக்கை நனைய நனைய முழுப்பாட்டிலையும் குடித்தேன். மதினி வாயைப் பிளந்தாள். அவள் பாட்டிலையும் கேட்டு வாங்கி அதையும் குடித்தேன். "ஏ கோட்டி, மெல்லக் குடி, பொறையேறிரும்" என்றாள். ஒரு பொது இடத்தில் நான் தாகம் தீரக் குடித்து அவள் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. அந்த நேரத்தில்தான் ஒலிபெருக்கியில் பரமசிவன் சார் குரலை உயர்த்தினார், தடைகளைத் தகர்த்த தங்க மங்கை, நமது மண்ணின் மகள், ஆவுடையம்மாள் அவர்களை மேடைக்கு அழைக்கிறோம். நாதஸ்வர கேசட். நாலு பேரும் என்னை நோக்கி வந்தார்கள். தலைவர் பொன்னாடையை இரண்டு கையிலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒருவர் என் வண்டியின் கைப்பிடியில் கை வைத்தார். "கைய எடுங்கண்ணே," என்றேன், "இப்ப வாரேன்." வண்டியைத் திருப்பினேன். கூட்டம் எனக்கு வழிவிட்டது, நான் எங்கேயோ சுற்றி மேடைக்குத்தான் போகிறேன் என்று நினைத்துக் கைதட்டிக்கொண்டே வழிவிட்டது. ஃப்ளெக்ஸில் இருந்த என் முகத்தைக் கடந்து, ஜெனரேட்டரைக் கடந்து, பக்கத்துச் சிமெண்டுச் சந்தில் உருட்டிக்கொண்டு போனேன். கைதட்டல் பின்னால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து நின்றது.

நீலக் கதவு. கொண்டியில் பூட்டு வாய் திறந்து தொங்கிக்கொண்டிருந்தது, சாவி அதிலேயே. பூட்டையும் சாவியையும் எடுத்து மடியில் போட்டுக்கொண்டேன். உள்ளே ஈரத்தரையில் நாற்காலிக் கால் தடங்கள், பல்லி எச்சம், மூலையில் ஒரு விளக்குமாறு. வெள்ளைப் பீங்கான் மேல் கம்பெனி ஒட்டிய தாளைக்கூட யாரும் கிழிக்கவில்லை. பிடித்துக்கொள்ளும் கம்பியைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பதித்திருக்கிறார்கள், முதுகில் கை முளைத்தவர்களுக்கு உதவும். கதவைச் சாத்திவிட்டுத் தாழ்ப்பாளைத் தேடினேன். மேலே இருந்தது. நின்றுகொண்டு பூட்டுகிறவர்களுக்கு எட்டுகிற உயரத்தில், நிற்க முடியாதவர்களுக்காகக் கட்டிய அறையில். பரவாயில்லை. ஊக்குகளையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றினேன், பீங்கானுக்கு மாறி உட்கார்ந்தேன், வண்டியை இழுத்துக் கதவோடு அணைத்து பிரேக் போட்டேன், அதுதான் தாழ்ப்பாள். தாளைக் கிழித்த சத்தம் அந்த அறையில் பெரிதாகக் கேட்டது. பிறகு இருந்தேன். அவசரமில்லாமல், யாரும் தூக்காமல், யாரையும் கேட்காமல் இருந்தேன். அழுகை வந்துவிட்டது. இருந்தாச்சுட்டி ரெஜினா, என்றேன். நாம் கேட்டதெல்லாம் இதுதானே. இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தானா ஒருத்தி செத்தாள் என்று நினைத்தபோது அழுகை நின்று வயிறு எரிந்தது.

கதவைத் தட்டினார்கள். மதினி. "ஆவுடை, உள்ளயா இருக்க? மேலுக்கு முடியலையா? தலைவர் பொன்னாடைய வச்சுக்கிட்டு நிக்காரு." "நிக்கட்டும் மதினி. அவருக்கு நிக்க முடியும்லா." அவள் செருப்புச் சத்தம் போய்விட்டது. ஒலிபெருக்கி என் தலைக்கு மேலேயே கட்டியிருந்தது போல, ஒரு வார்த்தை விடாமல் கேட்டது. சற்று உடல்நலக் குறைவு காரணமாக, என்றார் பரமசிவன் சார், அவர் சார்பாக அவருடைய அண்ணி பொன்னாடையைப் பெற்றுக்கொள்கிறார். கைதட்டல். மதினியின் அரக்குப் பட்டுக்கு அது எடுப்பாகத்தான் இருக்கும். எங்கள் கோரிக்கைகள் அனைத்தும் நிறைவேறிவிட்டன, தலைவருக்கு நன்றி என்று அம்மையார் சற்று முன்பு கண்ணீர் மல்க நம்மிடம் கூறினார்கள். அதற்கும் கைதட்டல், முன்னதைவிட அதிகம். ராத்திரியெல்லாம் தூங்காமல் நான் சொல்லவா வேண்டாமா என்று கிடந்ததை அவர் ஒரு மூச்சில் சொல்லி முடித்துவிட்டார். என் வாய்கூடத் தேவைப்படவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தேன்.  குழாயைத் திருகினேன், காற்று சீறியது, செம்மண் நிறத்தில் கொஞ்சம் கக்கியது, பிறகு நல்ல தண்ணீர் வந்தது. கையைக் கழுவினேன், முகத்தைக் கழுவினேன், வண்டிக்கு மாறி உட்கார்ந்தேன். கதவைத் திறந்து வெளியே போய்விடலாம். போனால் பிரியாணிப் பொட்டலம் கொடுப்பார்கள், போட்டோ எடுப்பார்கள், மதினி தோளிலிருந்து பொன்னாடையை எடுத்து என் தோளில் போர்த்துவார்கள். பிரேக்கில் வைத்த கையை எடுத்தேன். நாட்டுப்பண் பாடினார்கள், பந்தல் கலைகிற சத்தம், ஆட்டோக்கள், மதினி யாரிடமோ என்னைப் பற்றி மன்னிப்புக் கேட்கிற சத்தம். அப்புறம் பிளாஸ்டிக் ஒன்றோடொன்று மோதுகிற சத்தம், சந்து வழியாக நெருங்கி வந்தது. கதவுக்கு வெளியே பெரிய அடுக்கு ஒன்றைத் தரையில் இறக்கினார்கள். "பூட்டக் காணோமே, மாடசாமி," என்றது ஒரு குரல். "தள்ளுப்பா, தெறந்துதான் கெடக்கும்." கதவு என் வண்டியில் முட்டி நின்றது. மறுபடி தள்ளினார்கள், மறுபடி முட்டியது. "என்னது, முட்டுது? யாரு உள்ள? ஏ, நாற்காலி வைக்கணும்ப்பா." மடியில் கிடந்த பூட்டை இறுகப் பிடித்துக்கொண்டேன். தொண்டை இப்போது காயவில்லை, குரல் நன்றாகவே வந்தது.

"உள்ள ஆள் இருக்கு."